வௌவாலுக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட்

“ஏனுங்க அம்மணி... மேல சாராயமுங்களா வச்சிருக்கீங்க?”

சூலூர் பஸ்ஸில் அத்தனை தலைகளும் திரும்பின. மோகனப்பிரியாவுக்குக் காதுவரை சூடேறியது. மேல்தட்டில் இருந்த அவள் பையிலிருந்து சொட்டிய ஸ்பிரிட், பக்கத்தில் நின்றவனின் வெள்ளைச் சட்டையை நனைத்திருந்தது.

“சாராயமில்லீங்க... வௌவால்.”

சிரிக்கப் போனவன், அவள் கண்கள் கலங்குவதைக் கண்டு அடக்கிக்கொண்டான்.

கல்லூரி ஆராய்ச்சிக்காக அந்தமானில் ஒரு குட்டித் தீவில், சேற்றிலும் அட்டைக்கடியிலும் அலைந்து அவள் பிடித்த வௌவால் அது. அப்படியொரு மூக்கு மடல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனமென்று நிரூபிக்க அது ஒன்றுதான் சாட்சி. கெடாமலிருக்க அதை ஸ்பிரிட்டில் போட்டுவைத்த பாட்டிலில் இப்போது விரிசல்... காய்ந்துபோனால் எல்லாம் போயிற்று.

“மருந்துக்கடை ஸ்பிரிட்டு ஆகுமுங்களா?”

அவள் தலையசைத்ததுதான் தாமதம். சிங்காநல்லூரில் கண்டக்டரிடம் கெஞ்சி பஸ்ஸை நிறுத்திவைத்து, கொட்டுகிற ஐப்பசி மழையில் இறங்கி ஓடினான். திரும்பி வந்தபோது கையில் ஸ்பிரிட்டும் வாயகன்ற புதுப் பாட்டிலும்... இமையோரத்தில் மழைத்துளி. வௌவாலை அவள் அதில் மாற்றும்போது எட்டிப் பார்த்தான்.

“இந்த மூஞ்சிக்கா இத்தனை கண்ணீருங்க?”

“பாக்கப் பாக்க அழகாத் தெரியுமுங்க.”

“தெரியுதுங்க,” என்றான். அவன் வௌவாலைப் பார்க்கவில்லை.

அவன் பெயர் சுரேந்தர். சூலூரில் விசைத்தறி வைத்திருந்தான். அடுத்த மாதமே அவனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா பெண் பார்க்க வந்துவிட்டார். காபியைக் குடித்துவிட்டு, “கல்யாணத்துக்கப்புறம் இந்தத் தீவு, குகையெல்லாம் வேண்டாங்கண்ணு,” என்றார்.

மோகனப்பிரியா சுரேந்தரைப் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

“அப்படின்னா முடியாதுங்க,” என்று எழுந்து உள்ளே போனவள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை பேசக் கூடாதா இந்த மனுஷன்...

தை பிறந்ததும், வௌவாலின் படங்களையும் அளவுகளையும் அவள் அனுப்பியிருந்த வெளிநாட்டு நிபுணரிடமிருந்து தகவல் வந்தது. புது இனம்தான். கல்லூரி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவனிடம் சொல்லத்தான் மனம் ஓடியது. ரோஷம் விடவில்லை.

பேப்பரில் செய்தி வந்த அன்று, கல்லூரி வாசலில் அவனே நின்றிருந்தான்.

“படிச்சேனுங்க. ரொம்ப சந்தோசம்.” தயங்கினான். “அன்னைக்கு நான் பேசியிருக்கோணும். அம்மா மனசு நோகுமேன்னு வாயை மூடிட்டேன்... தப்புத்தானுங்க. இப்பப் பேசிப்போட்டேன். ‘போகட்டும், நீயும் தொணைக்குப் போ’ன்னுட்டாங்க. எனக்குக் கப்பல் ஒத்துக்குமான்னுதான் தெரியலீங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“உங்களுக்கு... இன்னும் முடியாதுங்களா?”

“முடியாதுன்னது அந்தக் கண்டிசனுக்குங்க,” என்றாள், அவன் முகத்தை நேராகப் பார்த்து. “உங்களுக்கு அப்பவே சரின்னு சொல்லிப்போட்டேன்... மனசுக்குள்ள.”