தொடாத போன்

டெலிபோன் அலறியது!

போக்குவரத்துக் கணிப்பு அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தங்கச்சி ஃப்ளாட்டுக்கு உடனே வாங்க மேடம்..."

போனாள்.

தங்கை சமையலறையில் கிடந்தாள். கழுத்தில் அயர்ன் பாக்ஸ் ஒயர்! அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் தாங்காமல்தான் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அடுப்பைத் துடைக்கத் துணி தேடினாள். இன்ஸ்பெக்டர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

தங்கையைக் கட்டிக்கொள்ளவிருந்த நீச்சல் கோச்சை அன்று மாலையே லாக்கப்பில் போட்டார்கள். முந்தின நாள் இருவருக்கும் வாய்த்தகராறாம். நான் இல்லை, நான் இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் காதில் வாங்கவில்லை. அக்காவின் கணவர், காய்ச்சலில் வீட்டிலேயே படுத்துக்கொண்டு பகல் முழுக்கப் போனில் படம் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து ஆபீஸ் திரும்பினாள். மனசு மரக்கட்டையாக இருந்தது. அந்தப் பையன்தான் கொன்றானா? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை பார்த்தது.

வேலை இதுதான். ஊரிலுள்ள செல்போன்கள் எந்த டவரை விட்டு எந்த டவருக்குத் தாவுகின்றன என்று பார்த்து, ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எந்தப் பாலம் திணறும் என்று கணிப்பது. போன்களுக்குப் பெயர் கிடையாது. ஆனால் கணிப்பு சரியா என்று உரசிப் பார்க்க, ஊழியர்கள் தங்கள் வீட்டுப் போன்களைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் கணவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இதில் ஒரு தொல்லை... சிம் கார்டு மனிதர்களிடம் மட்டுமா இருக்கிறது? தண்ணீர் மீட்டரிலும் இருக்கிறது. லிஃப்டிலும் இருக்கிறது. அவற்றை யாரும் தொடுவதில்லை. அவ்வப்போது டவருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கும். அப்படிக் கிடப்பதையெல்லாம் 'இயந்திரம்' என்று புரோகிராம் ஒதுக்கிவிடும்.

"இதென்ன கூத்து? உங்க வீட்டுக்காரரை மெஷின்னு சொல்லுது!" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"பிழையா இருக்கும். திருத்திடறேன்."

விதியைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவ்வளவுதான்... ஊரிலுள்ள தண்ணீர் மீட்டரெல்லாம் மனிதர்களாகிவிட்டன! ஜனத்தொகை எகிறியது. பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. விதியைப் பழையபடி மாற்றிவிட்டு, கணவரின் போன் மெஷினாகக் கிடந்தது எந்த நாள் என்று மட்டும் பார்த்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். தங்கையின் வாட்சைத் திருப்பித் தர முடியுமா என்று அவள்தான் கேட்டிருந்தாள். கணவர் சோபாவில் உட்கார்ந்து, கோச்சுக்குத் தூக்குதான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் இருவருக்கும் டீயை நீட்டினாள்.

"ஏங்க... ஆபீஸ்ல ஒரு குழப்பம். ஒரு நாள் முழுக்க உங்க போனை யாருமே தொடலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நம்ம வீட்ல வைஃபையும் இல்ல. படம் பார்த்திருந்தா டவர்ல தெரியணுமே?"

"உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு. காய்ச்சலோட அன்னிக்குப் பூரா அதுலதானே படம் பார்த்தேன்."

"எந்த நாள்னு நான் சொல்லவே இல்லையே..."



இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். "என்ன படம் சார்?"

கணவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஆளும் வீட்டில் இருந்ததாக ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. மனைவி தினமும் சொன்ன வேலைக் கதையில் பாதியை மட்டும் கேட்டவர்!

"அவகிட்ட நான் தப்பா நடந்துக்கிட்டதை... உன்கிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினா" என்றார் கடைசியில், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. இன்ஸ்பெக்டர் கொண்டுவந்திருந்த தங்கையின் வாட்சைக் கையில் இறுக்கிக்கொண்டாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

கணவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கோச்சை இன்றே வெளியே விட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பிறகு தயங்கினார்.

"கூடவே குடித்தனம் நடத்தறவர். உங்களுக்கு முன்னாடி சந்தேகமே வரலையா மேடம்?"

"கம்ப்யூட்டர் அவரை மனுஷன் இல்லைன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுச்சு சார். நான்தான் பிழைன்னு திருத்தப் பார்த்தேன்."