க்ளட்ச் இல்லாத வண்டி

"கேட்டியா ரங்கா... எங்காத்துக்காரிக்குக் கார் ஓட்டணுமாம்! இந்த வயசுல!"

பத்மநாபன் சிரித்த சிரிப்பில் டம்ளரிலிருந்த காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டு ரங்கராஜனும் சேர்ந்துகொண்டு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கையில் தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலில் நின்ற நாகலக்ஷ்மிக்கு முகமெல்லாம் எரிந்தது.

அன்று நவமி. தெருமுனை துர்கா பூஜைப் பந்தலிலிருந்து வந்த மேளச் சத்தம் பெஹாலாப் பேட்டையையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டிலோ சரஸ்வதி பூஜைக்கு இன்னும் ஒரு கோலம்கூட விழவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கார் விளம்பரத் தாள்கள்! பழைய பியட்டைத் தள்ளிவிட்டுத் தீபாவளிக்குள் புது வண்டி எடுப்பதென்று முடிவாகியிருந்தது. கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. இரண்டுபட்டு என்று சொல்வதுகூடத் தப்பு. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாகலக்ஷ்மி மட்டும்.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு" என்றான் மகன் சைதன்யா. "ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கும். ரிப்பேர்னு வந்தா நம்ம தெரு மெக்கானிக் கிட்டக்கூட வர மாட்டான். தினம் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போற வண்டி. அதுல போய் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"தினம் போறதாலதான்டா சொல்றேன். டைமண்ட் ஹார்பர் ரோட்டுல நாலடிக்கு ஒரு தடவை நிக்கறது. நின்னு நின்னு கிளம்பறதுக்குள்ள க்ளட்ச்சை மிதிச்சே கால் ஓஞ்சு போயிடாதா?"

"மிதிக்கறது நான்! உனக்கென்னடி வலிக்கறது?" என்று பாய்ந்தார் பத்மநாபன்.

கேட்பது யார் பாருங்கள்! உலகத்தில் வேறு யார் இதைக் கேட்டிருந்தாலும் நாகலக்ஷ்மி பதில் சொல்லியிருப்பாள்.

"அது நொண்டி வண்டி ரங்கா!" அவர் நிறுத்தவில்லை. "ரெண்டு காலும் நன்னா இருக்கறவன் எவனாவது அதை வாங்குவானா? மாஜேர்ஹாட் பாலத்து ஏத்தத்துல ஹேண்ட்பிரேக்கைத் தொடாம, பாதி க்ளட்ச்சுலயே வண்டியை அசையாம நிறுத்தினவன் நான். போர்ட் ட்ரஸ்ட் ஆபீஸ்ல யாரை வேணா கேளு... பத்மநாபன் கால் அப்படின்னு சொல்லுவா!"

ரங்கராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னி ஓட்டட்டும், நீ பின் சீட்ல உக்காந்துண்டு வெத்தலை போடு பத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாகலக்ஷ்மியைத் தவிர, சிரிக்காதவள் மருமகள் ஸ்னேகா ஒருத்திதான். ஜாதவ்பூரில் பிறந்து வளர்ந்த பெண். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழைவிட வங்க மொழிதான் அவளுக்குச் சரளம். டிரைவிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். புது வண்டியை நீயும் எடுத்துக்கொண்டு போம்மா என்று மாமனாரே தன் வாயால் சொல்லியிருந்தார்.

"நேராவே கேக்கறேன்மா..." ஸ்னேகா மாமியார் எதிரே வந்து நின்றாள். "இத்தனை வருஷமா உங்களுக்கு இந்த ஆசை இல்லை. நான் லைசென்ஸ் வாங்கினதும் வந்துடுத்து! எனக்குப் போட்டியா? அப்பா முதல் தடவையா என்னை நம்பிச் சாவி தரேன்னார்... அதைக்கூட உங்களால பொறுத்துக்க முடியலையா? சீ!"

"ஸ்னேகா... அப்படியில்லைடி கண்ணு..."

"தாக் மா, தாக்! விடுங்கோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க வண்டியை நீங்களே ஓட்டிக்குங்கோ!"

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சைதன்யா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியின் பின்னால் போனான். அந்தப் பார்வையைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிட முடியுமா நாகலக்ஷ்மியால்? மழைக்காலத்தில் ஒருநாள் காளிகாட் கோவிலிலிருந்து அவளும் கணவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நடந்த பத்மநாபனின் இடது கால் செருப்பு சந்திலேயே கழன்று விழுந்தது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே போனார்! வெறுங்கால் சேற்றில் பதிகிறது, மனுஷனுக்குத் தெரியவில்லை. அவள்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். டாக்டர் முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துக்கொண்டே போகும், இனி க்ளட்ச் மிதிக்கவே கூடாது, வலது காலுக்கு ஒன்றுமில்லை, ஓட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் ஓட்டுங்கள் என்றார். மாடிப்படி இறங்கும்போதே பத்மநாபன் அவள் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"சைதுவுக்குத் தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிப்பான். ரங்கா தெரு முழுக்கச் சொல்லுவான். நீ வாயைத் திறந்தே... என்னை உயிரோட பாக்க மாட்டே. சத்தியம் பண்ணு!"

பண்ணிவிட்டாள். பண்ணிவிட்டு, சத்தியத்தையும் மீறாமல் இந்த மனுஷனையும் காப்பாற்ற என்ன வழி என்று தூக்கமில்லாமல் யோசித்து, கடைசியில் தானே கார் ஓட்ட ஆசைப்படுவதாகச் சொல்லி ஊர் சிரிக்க நின்றாள்.

மத்தியானம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவரை மறித்துக்கொண்டு கேட்டாள். "ஏன்னா... நான் யாருக்காகக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே இப்படி..."

"சிரிக்காம என்ன பண்றது? நான் சும்மா இருந்தா சந்தேகம் வராதா?"

"போறது. நாளைக்கு மட்டுமாவது வண்டியைத் தொடாதேங்கோ. சைது எடுக்கட்டும்."

"விஜயதசமிக்கு எலுமிச்சம்பழத்துல வண்டி ஏத்தறது குடும்பத் தலைவன் வேலை. நான் செத்தப்புறம் அவன் ஏத்தட்டும்!"

"வாயைக் கழுவுங்கோ!" என்று பதறினாள் நாகலக்ஷ்மி. அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை. நவமியன்று சந்தனம், குங்குமம், மாலையோடு பூஜையில் வைத்த வண்டியை அன்று நகர்த்த மாட்டார்கள். தசமியன்றுதான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்க முதல் ஓட்டம். பியட்டுக்கு இது கடைசி பூஜை. வேடிக்கை பார்க்க ரங்கராஜன் தன் வீட்டுக் கேட்டில் சாய்ந்துகொண்டு நின்றார். சைதன்யா பூசணிக்காயோடு தெருவில் நின்றான். பூஜை என்பதால் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள்.

பத்மநாபன் எஞ்சினைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். பழம் நசுங்குவதைப் பார்க்க வேண்டுமென்று கதவைத் திறந்தே வைத்திருந்தார். இடது கால் க்ளட்ச்சில் அழுந்தியிருந்தது. நாகலக்ஷ்மி கற்பூரத் தட்டைச் சுற்றினாள். மந்திரம் வாயில் வந்தது, கண்ணோ அந்தக் காலைவிட்டு அகலவில்லை. தாயே, இந்த ஒரு நிமிஷம் மட்டும் தாண்டிவிடட்டும்!

"இருங்கோப்பா, இந்தப் பக்கம் இன்னும் வைக்கலை" என்று ஸ்னேகா குனிந்தாள். மாமியார் முகத்தைப் பார்க்காமலேதான் குனிந்தாள்.

பத்மநாபனின் இடது கால் வழுக்கியது. மெதுவாக, க்ளட்ச்சின் ஓரத்துக்கு... அவர் சிரித்துக்கொண்டே ரங்கராஜனுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை!

"ஸ்னேகா!"

தட்டு எகிறி விழுந்தது. நாகலக்ஷ்மி பாய்ந்து மருமகளை இடுப்போடு பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினாள். பியட் ஒரே துள்ளலாகத் துள்ளிக் கேட் தூணில் மோதி அணைந்தது. கீழே விழுந்த நாகலக்ஷ்மியின் மணிக்கட்டு கருங்கல் படியில் இடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"அறிவிருக்காடி உனக்கு!" பத்மநாபன் வண்டியிலிருந்து குதித்து இறங்கி நின்று கத்தினார். "நல்ல நாளும் அதுவுமா குறுக்க விழறே! நீ கத்தினதுலதான் என் கவனம் போச்சு. எல்லாம் உன்னாலதான்!"

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று ஓடிவந்த சைதன்யாவும் கத்தினான்.

தரையில் கிடந்த ஸ்னேகாதான் முதலில் பார்த்தாள்.

"அப்பா... கால்! உங்க கால்!"

"என் காலுக்கென்ன?"

தட்டிலிருந்து சிதறிய கற்பூரம் அவருடைய இடது பாதத்துக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. விரல் இடுக்கில் தீ. தோல் கருகும் நாற்றம். அவரோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, என் காலுக்கென்ன என்று கேட்டுக்கொண்டு, அதன் மேலேயே நின்றார்!

நாகலக்ஷ்மி தவழ்ந்து போய், அடிபடாத கையாலேயே கற்பூரத்தைத் தள்ளி, புடவைத் தலைப்பால் அவர் பாதத்தை அழுத்தித் தீயை அணைத்தாள்.

"அப்பா... உனக்குச் சுடலையா?" சைதன்யா குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தான்.

அப்போதும் அவள்தான் முந்திக்கொண்டாள். "பதட்டத்துல தெரிஞ்சிருக்காதுடா... அவருக்கு ஒண்ணுமில்லை. நான்தான் அசட்டுத்தனமா..."

"போதும் நாகா!"

பத்மநாபன் படியில் உட்கார்ந்துவிட்டார். கருகின தன் காலை அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்தக் கால் செத்துப்போச்சுடா சைது. மழைக்காலத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். டாக்டர் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டணும்னார். வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன். அவளுக்குக் கார் ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்காகத்தான் கேட்டா..."

ஸ்னேகா மாமியாரின் மடியில் விழுந்தாள். "போட்டின்னு சொன்னேனே மா... சீன்னு சொன்னேனே! என்னைத் தள்ளிக் காப்பாத்தினேளே, நான் உங்களை என்னவெல்லாம்..."

"எழுந்திருடி. உனக்கு அடிபடலையே?" நாகலக்ஷ்மி அவள் தலையைத் தடவினாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"இந்தப் பொண்ணும் பிள்ளையும் தெரியாம பேசினா. நான் வருத்தப்படலை. நீங்க தெரிஞ்சிண்டே சிரிச்சேள். அடுத்தாத்துக்காரரை வெச்சுண்டு சிரிச்சேள். அதைத்தான் என்னால தாங்க முடியலை."

சைதன்யா தோளைப் பிடிக்க வந்ததை விலக்கிவிட்டுப் பத்மநாபன் எழுந்தார். அந்தக் காலை இழுத்து இழுத்து, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார். சத்தம் கேட்டு அங்கே நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

"என்னாச்சு பத்து? மன்னி குறுக்க..." என்று ஆரம்பித்தார் ரங்கராஜன்.

"அவ குறுக்க வரலைன்னா என் மருமக உயிரோட இல்லை, ரங்கா." எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார். "நேத்து நாம சிரிச்சோமே... அது என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கணும். எனக்கு இடது கால் விளங்கலை. இனிமே கியர் வண்டியைத் தொட மாட்டேன். நான் மறைச்சதுக்கு என் பொண்டாட்டி அவமானப்பட்டா."

ரங்கராஜன் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னி, மன்னிச்சுடுங்கோ" என்று முணுமுணுத்தார்.

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நாகலக்ஷ்மி எழுந்து தெருவுக்கு வந்தாள். உள்ளே வாங்கோ, காலுக்கு மருந்து போடணும் என்று சொல்லத்தான் வந்தாள். வாயில் வந்ததோ வேறு.

"இந்த நாலு வார்த்தை சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளாச்சான்னா..."

அதற்குமேல் முடியாமல் அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பத்மநாபன் அவளுடைய வீங்கிய கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஊர் பார்க்கத் தெருவிலேயே நின்றார்.