வாங்க என்றவள்

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. மூன்றாம் மாடியில், ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் சாவியுமாக அவள் நின்றாள். காலையில்தான் குடிவந்திருந்தார்கள், அடுப்புக்கு இன்னும் கேஸ்கூட வரவில்லை. உள்ளே ஆறு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தனியாக ஒரு வீடு பார்த்தால்தான் மகள் அவளிடம் இருக்கலாம் என்று நீதிமன்றத்தில் முடிவாகியிருந்தது. அதனால்தான் பாதிக் கட்டடங்கள் பச்சை வலை போர்த்தி நிற்க, மீதி காபிக் கடைகளாகிவிட்ட இந்தப் பழைய கிடங்குத் தெருவில், தரகர் காட்டிய வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். பூசாமல் விட்ட செங்கல் சுவரை அவர் தடவித் தடவிக் காட்டினார். அதற்காகவே ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். தடவிய கையை உடனே சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாமான் ஏற்றும்போது மாடிப்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாங்க இருந்த வீடு இது என்றாள். வீட்டை ஒரு பார்வை, மகளை நெடுநேரம் ஒரு பார்வை. பிறகு, “வரேன்” என்றாள். விடைபெறுகிறவர்களிடம் எல்லாரும் சொல்வதைத்தான் இவளும் வாய்ப்பழக்கத்தில் சொன்னாள்.

“வாங்க.”

சற்றுமுன் பால் வாங்கக் கீழே போனவள், காவலாளியிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவங்க காலி பண்ணவே இல்லம்மா. புருஷனும் பொண்டாட்டியும் உள்ள இருக்கறப்பவே கட்டடக்காரங்க சுவரை இடிச்சுத் தள்ளிட்டாங்க, ரெண்டு பேரும் அதுலயே போயிட்டாங்க. வரேன்னு சொன்னாளா? நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்னாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார். அவள் ஓட்டமும் நடையுமாகப் படியேறி வந்திருந்தாள்.

கதவுக்குப் பின்னால் எண்ணெய் பொரிந்தது. கரண்டி வாணலியில் நிதானமாக உரசியது. சொந்த வீட்டில் இருக்கிறவன் செருமுவதுபோல் ஓர் ஆண் செருமினான். பிறகு தட்டுகளைத் தரையில் வைக்கும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நின்றது.

மூன்றுதான்.

சாவியைத் திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். “கண்ணு, அம்மாடா, கதவைத் திற.”

உள்ளே எல்லாச் சத்தமும் அடங்கியது.

சின்னக் காலடி. தாழ்ப்பாள். கதவு ஒரு சாண் திறந்தது.

மகள்தான். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. உதடெல்லாம் செங்கல் தூள். பின்னால் விளக்கில்லை. இருட்டிலிருந்து நீண்ட இரண்டு கைகள் மகளின் தோள்களில், ஆளுக்கொன்றாக, பட்டும் படாமலும் கிடந்தன.

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு உள்ளே திரும்பியது.

“அம்மா, யாரோ வந்திருக்காங்க.”