இருக்க ஒரு மூலை

குளிர்காற்று எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு முழம் வெள்ளை நூலை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டபடி ஜன்னல் ஜன்னலாகப் போவாள். நூல் எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. அன்று காலை ஏழு ஜன்னல்களிலும் நூல் ஆடவில்லை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து வெட்டுத்துணிகளைத் திரித்துச் சந்துகளில் அடைத்தது வீண்போகவில்லை. வாசல் கதவின் அடியிலும் அசைவில்லை. அப்பாடா என்று திரும்பி நடந்தவள் கூடத்தின் நட்டநடுவில், எந்த ஜன்னலிலிருந்தும் பத்தடிக்குக் குறையாத இடத்தில், கையிலிருந்த நூல் தானாக எழுவதைப் பார்த்தாள்.

எழுந்த நூல் அவள் கணவர் படுத்திருந்த கட்டிலை நோக்கிச் சாய்ந்தது. அப்படியே கொஞ்சம் நின்றது. பிறகு தளர்ந்து விழுந்தது. மறுபடி எழுந்து சாய்ந்தது. தன் மூச்சுதான் படுகிறதோ என்று அவள் வாயைப் பொத்தி மூச்சை அடக்கிப் பார்த்தாள். நூல் அதைப் பொருட்படுத்தவில்லை. எழுந்தது, தளர்ந்தது. தூங்குகிறவன் மார்பு ஏறி இறங்குகிற நிதானத்தில்.

"என்ன மைனா, நூல் பிடிச்சு ஜோசியம் பார்க்கறியா?" என்றார் கட்டிலில் இருந்தவர். பற்கள் அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை உடைந்து வந்தது.

ஓயாமல் பேசுகிறவள் என்பதால் கல்யாணமான வாரமே அவர் வைத்த பெயர் மைனா. அவரை ஊரே டிரைவர் என்றுதான் கூப்பிடும். சொந்த மகளே கோபம் வந்தால் அப்பா என்பதை விட்டுவிட்டு "டிரைவர் சார்" என்பாள். முப்பது வருஷம் லாரி கேபினில் குடித்தனம் நடத்தியவர். ஓய்வு பெற்றதும், கையை நீட்டினால் சுவர் தட்டாத வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியதுதான் இந்த வீடு. முன்பு இருந்தவர்கள் உள்சுவர் ஒன்றையும் விட்டுவைக்காமல் இடித்துத் தள்ளியிருந்தார்கள். சமையல், சாப்பாடு, படிக்கட்டு எல்லாம் ஒரே கூடம். தலைக்கு மேலே இரண்டு மாடி உயரம். பாதி உயரத்தில் கம்பி வைத்த ஒரு மேல்மாடம். "இதுல நம்ம ரெண்டு பேரைச் சூடாக்கணும்னா ஊரையே சூடாக்கணும். எனக்குன்னு உட்கார ஒரு மூலைகூட இல்ல" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மாடி ஏற முடியாது, எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பதால் கட்டிலைக் கூடத்தில், இரும்பு விறகடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். நேற்று விடிகாலையில் ஹீட்டர் நின்றது. பழுது பார்ப்பவர், பாதையில் இடுப்பளவு பனி கிடக்கிறது, தோண்டி எடுத்தால்தான் வண்டி நகரும் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். இன்று காலை மின்சாரமும் போனது.

வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகள் ஃபோனில் கத்தினாள். "ஆம்புலன்ஸ் பாதை திறந்ததும் வரும்மா. ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் அப்பாவை சூடா வெச்சுக்கோ. நடுக்கம் இருக்கிற வரைக்கும் பயமில்ல. நடுக்கம் நின்னுடுச்சுன்னாதான் பயம். கேட்குதா? நின்னா விடாதே, உடம்போட உடம்பா ஒட்டிப் படுத்துக்கோ."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சூடு கட்டிலை எட்டும் முன்பே மேலே ஏறி இருட்டான உத்தரங்களுக்கிடையில் காணாமல் போனது. நூலை ஒரு குண்டூசியால் தூணில் குத்திவிட்டு, அவள் தன் வெட்டுமேஜைக்குப் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த மேடைத்திரை மடித்துக் கிடந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட், இரட்டை லைனிங், தூக்கினால் தோள் இறங்கிவிடும் கனம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து சண்டை போட்டால் போடட்டும். உச்சி வேளை முழுக்க மூச்சு வாங்க வாங்க அதை மாடிக்கு இழுத்துப்போய், மேல்மாடத்துக் கம்பியிலிருந்தும் தூணிலிருந்தும் கட்டித் தொங்கவிட்டாள். மேலே ஒரு படுதாவை விரித்து மூடினாள், புகைக்குழாய்க்கு மட்டும் இடம் விட்டு. காற்று அடியில் புகுந்துவிடக் கூடாதென்று கீழ் ஓரத்தைப் பலகைத் தரையோடு ஆணி அடித்தாள். ஆள் நுழைய ஒரே ஒரு பிளவு. நான்கு சுவரும் துணியால் ஆன, பத்தடிக்குப் பத்தடி அறை. அதற்குள் கட்டில், அடுப்பு, தையல் பெட்டி, சமையல்கட்டிலிருந்து அவள் கொண்டுவந்து சேர்த்த பாத்திரம், கத்தி, தண்ணீர், எல்லாம்.

கால் மணி நேரத்தில் உள்ளே மூக்கு நுனி சூடானது. வெல்வெட்டின் புதுச்சாய வாசனையும் விறகுப்புகையும் கலந்து வந்தது.

"இப்பத்தான் கேபின் மாதிரி இருக்கு" என்றார் டிரைவர். "ஹாரன் ஒண்ணுதான் குறை."

அவள் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

விறகு பின்வாசல் ஓரத்தில் அடுக்கியிருந்தது. கால் மணிக்கொரு தரம் பிளவு வழியாக வெளியே போய் எடுத்து வர வேண்டும். திரைக்கு வெளியே கூடம் வேறு ஊராக மாறியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பனிப்பூ படர்ந்திருந்தது. வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. சத்தமே இல்லாத சத்தம் ஒன்று, பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துக் காதில் வைத்தது மாதிரி. தூணில் குத்தியிருந்த நூல் இப்போது தளரவே இல்லை. திரையை நோக்கி, விறைத்து, படுக்கையாக நின்றது.

இரண்டாம் முறை விறகோடு உள்ளே வந்தபோது டிரைவர் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். "தண்ணி நல்லா இருந்துச்சு."

"எந்தத் தண்ணி?"

"இப்பக் குடுத்தியே."

கட்டில் ஓரத்தில் காலி தம்ளர். அடியில் ஒரு சொட்டு மிச்சம். அவள் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. படுத்திருக்கிறவர் கைக்குத் தண்ணீர்ப் பாத்திரம் எட்டாது. தான்தான் கொடுத்து மறந்திருப்போம், தூக்கமில்லாத தலை என்று சொல்லிக்கொண்டு, அடுப்பில் விறகை வைத்தாள். திரும்பிப் போர்வையைச் சரி செய்யக் குனிந்தவள் நிறுத்தினாள். போர்வை ஏற்கெனவே சரியாக இருந்தது. அவர் பாதங்களுக்கடியில் இரண்டு சுற்றாக மடித்து, இறுக்கி, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. அவள் அப்படி மடிப்பதில்லை.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஃபோன் கடைசி மூச்சில் ஒருமுறை மினுங்கி அணைந்தது. விறகும் தீர்ந்தது. வெளியே போய் நாற்காலிகளைத் தரையில் ஓங்கி அடித்து உடைத்தாள். உடைத்த கட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அடுப்பு எப்போதோ அணைந்து, சாம்பல் வெளுத்திருந்தது.

டிரைவர் நடுங்கவில்லை.

கட்டைகள் கையிலிருந்து விழுந்தன. பாய்ந்துபோய் அவர் கன்னத்தைப் பிடித்தாள். சில்லென்று இருக்கும் என்று நினைத்த கன்னம் சுட்டது. கை, கழுத்து, பாதம், எல்லாம் நல்ல சூடு, அப்போதுதான் வெந்நீரில் குளித்தவர் போல. நெற்றியில் வியர்வைகூட இருந்தது.

"எதுக்குடி பதறுறே? ஒட்டிப் படுத்தியே, அதுலயே போயிடுச்சு குளிர்."

"நான் படுக்கலைங்க. நான் வெளியில இருந்தேன்."

"வெளியில இருந்தது வேற யாரோ. நாற்காலியப் போட்டு உடைச்சுக்கிட்டு இருந்தாங்களே? யாருன்னு கேட்டேன், கண்டுக்காதீங்கன்னு நீதானே சொன்னே?"

தலை குழம்பியிருக்கிறது. உடம்பு ரொம்பக் குளிர்ந்துபோனால் மூளை இப்படித்தான் உளறும், மகள் சொல்லியிருக்கிறாள். ஆனால் உடம்பு குளிர்ந்திருக்கவில்லை. அவள் கட்டிலின் மறுபக்கம், சுவர்போலத் தொங்கிய வெல்வெட்டுக்கும் அவருக்கும் நடுவே, மெத்தையைத் தடவினாள். ஒரு ஆள் நீளத்துக்குப் பள்ளம். சூடாக இருந்தது.

"வேற என்ன சொன்னேன்?" என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

"பாவமா இருந்துச்சு, மைனா. சுவர் எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க, இத்தனை நாள் இந்த வீட்ல எனக்கு இருக்க ஒரு மூலைகூட இல்ல, காத்தோட காத்தா அலைஞ்சேன்னு அழுதியே." அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே இங்கயே இரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே படுதா மெல்லப் புடைத்தது. பிறகு உள்வாங்கியது.

திரையைப் பிய்த்தெறிந்துவிடலாம். பிய்த்தால் இந்தச் சூடு போய்விடும். ஆம்புலன்ஸ் வரும் முன்பே குளிர் அவரைக் கொன்றுவிடும். பிய்க்காவிட்டால்? அவளுக்கு யோசனை ஓடவில்லை. அடுப்பு எரிய வேண்டும், வெளிச்சம் வேண்டும், அது மட்டும் புரிந்தது. நாற்காலிக் கட்டைகளை உள்ளே திணித்துப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மிச்சமிருந்தது அவளுடைய வெட்டுமேஜை. அதன் இழுப்பறைகளை உருவிக் கொண்டுவந்தால் ராத்திரி வரை ஓட்டலாம். எட்டடி தூரம். எட்டே அடி.

"என்னங்க, நான் சொல்றதக் கேளுங்க. நான் வெளிய போயிட்டு உடனே வரேன். அதுவரைக்கும் சத்தமா ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. யார் என்ன பேசினாலும் பதில் சொல்லாதீங்க."

"யாரு பேசப் போறா?"

"எண்ணுங்க!"

"ஒண்ணு... ரெண்டு..."

வெளியே கும்மிருட்டு. பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. மேஜையைத் தடவிக் கண்டுபிடித்தாள். விரல்களில் உணர்வில்லை; விரல்கள் எங்கே முடிந்து இழுப்பறை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. திரைக்குள் அடுப்பு வெளிச்சம் செம்மங்கலாகக் கசிந்தது. டிரைவரின் குரல் நிதானமாக வந்தது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. முதல் இழுப்பறை வந்துவிட்டது. இரண்டாவது சிக்கியது. காலை மேஜையில் ஊன்றி இழுத்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பது என்று சொன்னபோது இரண்டு குரல் கேட்டது.

நாற்பத்தொன்று. இரண்டு குரல். ஒன்று அவருடையது. இன்னொன்று பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் கடைசியை இழுக்கிற பழக்கம்.

அவளுடைய குரல்.

இழுப்பறையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிளவு இருந்த இடத்தில் கையை விட்டாள். துணி. பக்கத்தில் தடவினாள். துணி. கீழே தடவினாள். விரல் உணராததை உதட்டால் உணர்ந்தாள், திரையில் முகத்தை வைத்து. தையல். தரையிலிருந்து அவள் நெஞ்சு உயரம் வரை, நெருக்கமாக, ஒரே அளவாக. உள்பக்கத்திலிருந்து தைத்தது.

"என்னங்க! என்னங்க, நான்தான்! பிடிச்சு இழுங்க திரைய!"

எண்ணுவது நின்றது.

"யாரோ கத்துறாங்க, மைனா."

"காத்துங்க" என்றது அவள் குரல், உள்ளேயிருந்து, அன்பாக. "நீங்க தூங்குங்க."

கத்தி உள்ளே. கத்தரிக்கோல் உள்ளே. கீழ் ஓரம் அவளே அறைந்த ஆணியில் கிடந்தது. பல்லால் கடித்தாள். இரட்டை லைனிங். அவள் தேர்ந்தெடுத்த நூல், அறாது.

அதற்குள் தையல் கழுத்துவரை ஏறியிருக்க, முகத்துக்கு நேரே இன்னும் ஒரு சாண் பிளவு பாக்கி இருந்தது. அதில் செவ்வெளிச்சம். சூடு. அவள் இரண்டு கை விரல்களையும் அதற்குள் திணித்தாள். அகலப்படுத்த முயன்றாள். துணி அசையவில்லை.

ஊசி வந்தது.

துணியைத் துளைத்துக்கொண்டு, பளபளவென்று, அவள் கண்ணுக்கு முன்னால். திரும்பி உள்ளே போனது. மறுபடி வந்தது. அவசரமே இல்லை. வலது சுட்டுவிரலுக்கு வந்தபோதும் நிற்கவில்லை. ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. நூல் சரசரவென்று பின்னால் ஓடியது.

வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை.

அடுத்த விரல். அதற்கடுத்தது.

பிளவு மூடியது. வெளிச்சம் போனது. திரைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அவள் விரல்நுனிகளை யாரோ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அவற்றை வாயருகில் வைத்து, மெல்ல, வெதுவெதுப்பாக, ஊதத் தொடங்கினார்கள்.