புதன்கிழமைக்கு வராதவள்

"பெரியம்மா வாசிக்கும்போது மட்டும் ஏன் பக்கமே திருப்புறதில்லை?"

சின்ன மருமகளின் ஆறு வயது மகள் இதைக் கேட்டது, காலைக் குடும்ப ஜெபத்தின் நடுவில். மாமியார் சிரித்துவிட்டார். "உன் பெரியம்மாவுக்கு வேதாகமம் மனப்பாடம்டி. அவளுக்குப் பக்கம் எதுக்கு?" என்றார் பெருமையாக. சின்ன மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூத்த ஓரகத்தி அவசரமாக இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியதை அவள் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பெரியவளே வாயைத் திறந்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா... பத்தாவது படிச்ச பொண்ணுன்னு பொய் சொல்லித்தான் கட்டிக் கொடுத்தாங்க. அவருக்கு மட்டும் தெரியும். தினமும் வாசிச்சுக் காட்டுவாரு, நான் மனசுல வாங்கிப்பேன். அவரு போய் ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் புதுசா ஒரு வரி கூட எனக்குள்ள போகலை."

சின்னவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தாள். "நான் சொல்லித் தரேன்க்கா."

"அத்தைக்குத் தெரியக் கூடாது. என்னை ஏமாத்துக்காரின்னு நினைச்சிடுவாங்க. சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் வேண்டாம். சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

அந்த மாதம்தான் சபையில் வேதாகமம் கற்பிக்கும் சீஷத்துவ வகுப்பு புதன்கிழமைகளில் தொடங்கியது. விசுவாசிகள் வளரவேண்டும் என்று போதகர் உண்மையான ஆசையோடுதான் தொடங்கினார். ஆனால் சுவரில் ஒரு வருகை அட்டவணையும் தொங்கியது. வந்தவர் பெயருக்கு நேரே பச்சை மையில் ஒரு கோடு. ஆறு வாரம் கோடு விழாதவருக்கு ஊழியப் பொறுப்பு கிடையாது என்று ஒரு விதி. கோடு போடுகிறவர் சபைச் செயலாளர், அதாவது சின்னவளின் கணவன்.

மற்றவர்கள் வகுப்புக்குப் போய்விடுவதால் புதன் மாலைதான் வீடு காலியாக இருக்கும். பெரியவளுக்கு மூட்டுவலி, சின்னவள் துணைக்கு. அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அடுப்படி மேடையில் கோதுமை மாவைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீடு. பெரியவள் சத்தமாக எழுத்துக் கூட்டினால் கேட்டுவிடும். அதனால் சின்னவள், கூலிக்கு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் தன் மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்காமலே கடகடவென்று மிதித்துக்கொண்டிருப்பாள்.

வினை அங்கேதான் வந்தது.

"உன் பொண்டாட்டி ஏன் வகுப்புக்கு வரலைன்னு இப்பத்தான் புரியுது," என்றார் மாமியார் ஒரு நாள் காலையில், மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே. "பக்கத்து வீட்டம்மா சொல்றா, புதன்கிழமை ஆனா மிஷின் நிக்கறதே இல்லையாம். ஆண்டவரை விட ஸ்கூல் யூனிபார்ம் பெரிசாப் போச்சு. மூத்தவ வலியில படுத்திருக்கா, இவ துணைங்கற பேருல சம்பாதிக்கிறா."

கணவன் திரும்பினான். "தைச்சியா?"

"மிஷின் ஓடுச்சு."

"தைச்சியான்னு கேட்டேன்."

"இல்லைங்க."

"ஓடுச்சு, ஆனா தைக்கலை. இதை நான் நம்பணும்..."

கதவோரம் நின்ற பெரியவளின் முகம் வெளுத்தது. சின்னவள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் பேசாதீர்கள் என்று சொல்லும் பார்வை.

"நாளைக்கு ஆறாவது வாரம்," என்றான் அவன், குரலைத் தணித்து. "நான் செயலாளர். என் வீட்டுக்கு மட்டும் ஒரு சட்டம் வெக்க முடியாது. ஞாயிறு பள்ளியில பாடம் சொல்றது உனக்கு உசிருன்னு எனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லிடு, போதும்."

"சொல்ல வேண்டிய காரணம் என்னுது இல்லைங்க."

அந்தப் புதனும் அவள் போகவில்லை. பெரியவள் அப்போதுதான் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அதை நடுவில் விட மனமில்லை. பதினோரு வருடம் அவள் பாடம் சொன்ன ஞாயிறு பள்ளி வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. கலர் பென்சில்கள் இருந்த அலமாரியின் சாவியை அவள் கணவன் கையிலேயே கொடுத்தாள். அவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நாலு மாதம் ஓடிற்று. மாமியார் அவளோடு பேசுவது உப்பு, சோப்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. சபையில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். பெரியவள் மாவில் எழுதிக்கொண்டே அழுவாள். "எனக்காக நீ ஏம்மா..."

"அழுதா மாவு குழைஞ்சு போயிடும்க்கா. அடுத்த வரி."

ஒரு புதன்கிழமை பெரியவள் மேடையைத் துடைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்தாள். "வா. இன்னிக்கு நாமளும் வகுப்புக்குப் போறோம்."

இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். யார் வாசிக்கிறீர்கள் என்று போதகர் கேட்டதும் பெரியவள் எழுந்தாள். மாமியாரின் முகம் மலர்ந்தது.

"ஐயா, நீங்களே எங்கயாவது ஒரு பக்கத்தைப் பிரிச்சுக் கொடுங்க. தப்பு வந்தா திருத்துங்க."

கையில் புத்தகம் வந்ததும் விரலை வரியின் கீழ் வைத்தாள். முதல் சொல்லுக்கே வெகுநேரம் ஆயிற்று. இரண்டாம் சொல்லில் தடுக்கி, திரும்பி வந்து, மறுபடி படித்தாள். எங்கோ ஒருவர் கனைத்தார். ஐந்து வசனம் முடிவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை.

"இதுதான் என் வாசிப்பு," என்றாள் முடித்ததும். "இத்தனை வருஷமா நீங்க கேட்டதெல்லாம் மனப்பாடம். எனக்கு அப்ப எழுத்து தெரியாது. அத்தை, நான் பத்தாவது படிக்கலை, பள்ளிக்கூட வாசலையே மிதிக்கலை. புதன்கிழமை தோறும் இவ எனக்குச் சொல்லிக் கொடுத்தா. நான் படிக்கிற சத்தம் வெளிய கேக்காம இருக்கத்தான் வெறும் மிஷினை மிதிச்சா. வாயைத் திறக்காதேன்னு நான் கேட்டேன். அவ திறக்கலை. அவ வகுப்பு போச்சு, பேரு போச்சு... எல்லாம் என்னால."

மாமியார் எழுந்து வந்தார். பெரியவளின் கையை முதலில் பிடித்தார். "பைத்தியக்காரி. பத்தாவதையா நான் மருமகளாக் கூட்டிட்டு வந்தேன்? உன்னைத்தானே." பிறகு சின்னவளிடம் திரும்பினார். அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். "நான் பேசினதையெல்லாம் எப்படிம்மா முழுங்கின..."

"தண்ணி குடிச்சுக்கிட்டே அத்தை," என்றாள் சின்னவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கணவன் சுவரருகே போய் நின்றான். அட்டவணையைக் கழற்றிச் சுருட்டினான். "என் வீட்டு அடுப்படியில நடந்த வகுப்பு எனக்குத் தெரியலை. நான் இங்க கோடு போட்டுட்டு இருந்தேன்," என்றான் போதகரிடம்.

போதகர் தலைகுனிந்தார். "நானும்தான் தம்பி தலையை எண்ணினேன். ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உட்கார்றதை எண்ண மறந்துட்டேன்." அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் சபைக் கூடம் பூட்டியிருந்தது. விசுவாசிகள் இரண்டிரண்டு பேராக வீடுகளில் உட்கார்ந்தார்கள். சின்னவளுக்கு அவளுடைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் திரும்பக் கிடைத்தார்கள்.

பெரியவள் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். சில வாரங்கள் கழித்து அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். விரிப்புகளை வார்டு வாரியாக அடுக்க வேண்டும். அலமாரியில் பெயர் எழுதியிருந்தும் அவள் அதைப் பார்ப்பதில்லை. ஓரத் தையலின் நிறத்தைப் பார்த்தே அடுக்கினாள். நிறம் வெளுத்த விரிப்பு வந்தால் திகைத்து நின்றாள். பெரியவளுக்கு அந்தத் திகைப்பு நன்றாகத் தெரியும். இருபது வருடம் அவளும் அப்படித்தான் அடுக்கியிருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். பெரியவள் போகவில்லை. அந்தப் பெண்ணை விரிப்புக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். தரையில் தண்ணீர் தொட்டு, மெதுவாக 'அ' எழுதினாள்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள். "விரலைக் கொடு."