கிடங்குக்குப் போய்வந்த சோப்பு

சோப்பு செய்கிறவள் மூன்று அட்டைப்பெட்டிகளை மேஜையில் போட்ட வேகத்திலேயே, யார் மேல் பழி என்பதை முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள் என்று ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊருக்கு அவர் ஏட்டுதான். அழுதுகொண்டு வருகிறவர்களை அவர் பாதி நம்புவார். கோபத்தோடு வருகிறவர்களை அதுவும் இல்லை.

"என் ஓரகத்திதான் ஐயா. வயித்தெரிச்சல் பிடிச்சவ."

"அது இருக்கட்டும். நடந்ததைச் சொல்லும்மா."

இந்த மலையில் சோப்பு காய்ச்சி இணையச் சந்தையில் விற்கிறாள் அவள். சரக்கு மொத்தமும் கீழே நகரத்துக் கிடங்குக்குப் போய்விடும். யாராவது வாங்கினால் கிடங்குக்காரர்களே கட்டி அனுப்புவார்கள். மறுநாளே கையில் கிடைக்கும். ஓரகத்தி விற்பதும் சோப்புதான், ஆனால் இங்கிருந்தே தபாலில் அனுப்புகிறாள். வாங்கினவர் சோப்பையே மறந்த பிறகுதான் அது போய்ச் சேரும்.

இப்போது இவளுடைய பெட்டிகளுக்குள் மட்டமான நீலத் துணிசோப்பு இருக்கிறதாம். வாங்கினவர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். மூன்று பேர் பெட்டியை இவளுக்கே தபாலில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் கடையையே மூடிவிடுவோம் என்று சந்தைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கேஸ் முடிஞ்சுது அத்தான்!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த, செல்போன் பழுது பார்க்கும் ஏட்டின் மச்சான் துள்ளி எழுந்தான். "ஓரகத்தியைப் பிடிச்சுரலாம்."

"அவசரப்படாத. உக்காரு."

ஏட்டு ஒரு பெட்டியின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது.

"அடியில இருக்கறது நான் ஒட்டுனது," என்றாள். "வாங்கினவங்க வேணாம்னு திருப்புனா, கிடங்குல மேல ஒண்ணு ஒட்டி மறுபடி விப்பாங்க."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டாங்களா?"

"பிரிக்காத மாதிரி இருந்தா எதுக்குப் பாக்கறாங்க?"

மூன்றிலும் அதே கதைதான். ஏட்டு நீலக் கட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். பெட்டிக்குள் அடங்குவதற்காக ஓரம் அறுத்திருந்தார்கள். அறுத்த பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கோடுகள்.

"நீ சோப்பை எதால அறுப்ப?"

"மெல்லிசுக் கம்பியால. அவளும் அப்படித்தான். என்னைப் பாத்துத்தானே கத்துக்கிட்டா!"

"இந்தச் சந்தைச் சாமான் நம்ம மலைக்கு வருமா?"

"எங்க ஐயா! இங்கேருந்து விக்கலாம், இங்கே வாங்க முடியாது."

"உன் சரக்கைக் கீழே கொண்டு போறது யாரு?"

"எங்க வீட்டுக்காரர். பூட்டு, ஆணி கடை வெச்சிருக்கார். வாராவாரம் சாமான் எடுக்கப் போவார்."

ஏட்டு மச்சானை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் சோப்பு காய்ச்சும் அறையில் வீட்டுக்காரர், ஓரகத்தி என்று எல்லோரும் கூடினார்கள். ஓரகத்தி உட்காரவே இல்லை.

"விலங்கு கொண்டாந்தீங்களா ஏட்டய்யா? இவ சோப்பு மறுநாளே போகுதுன்னா எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. அதை இவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

"அதனாலதான் நீ இல்லை," என்றார் ஏட்டு. "அதை மட்டும் நம்பலை. உன் கையில கம்பி இருக்கு. கம்பியில அறுத்தா சோப்பு வழவழன்னு இருக்கும். இதுல ரம்பத்துப் பல்லு பதிஞ்சிருக்கு. சோப்பு செய்யற யாரும் ரம்பத்தைத் தேட மாட்டாங்க."

"அப்ப கிடங்குல மாத்தினாங்களா?" என்றாள் சோப்புக்காரி.

"அவங்க மேலயும் எனக்குச் சந்தேகம்தான். ஆனா மாத்தினதெல்லாம் ஒரு தடவை வெளிய போய்த் திரும்பின பெட்டி. ஒருத்தன் காசு கொடுத்து வாங்கி, உள்ளே இருந்ததை மாத்தி, பிரிக்காத மாதிரி ஒட்டித் திருப்பியிருக்கான். சாமான் மலைக்கு வராது, அதனால கீழே போய் வாங்கியிருக்கான். அடிக்கடி கீழே போறவன். கைக்கெட்டற தூரத்துல ரம்பம் இருக்கறவன்."

மச்சான் பையிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து நீட்டினான். பல்லிடுக்கில் நீலம் காய்ந்து கிடந்தது.

"உங்க கடையில எடுத்தது," என்று ஏட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். " இரும்பு அறுக்கறதுல சோப்பு எப்படி ஒட்டுச்சு?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை.

"கடைக்கு வர்றவன் பூட்டு கேக்கறதில்லை. 'அம்மா இருக்காங்களா, சோப்பு இருக்கா'ங்கறான். கல்யாணத்தப்போ இவளை இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. இப்போ என்னைத் தெரியலை. கொஞ்சம் இறங்கி வரட்டும்னுதான்... இவ கடையையே மூடுவாங்கன்னு நினைக்கலை."



"நீங்க செஞ்சதை உங்க பேர் போட்டுச் சந்தைக்காரங்களுக்கு எழுதினாத்தான் கடை தப்பிக்க வழியிருக்கு," என்றார் ஏட்டு.

"ஊரே சிரிக்கும்."

"ஊருக்கு எழுத வேணாம்." சோப்புக்காரி தன் செல்போனை வீட்டுக்காரர் மடியில் வைத்தாள். "அவங்களுக்கு எழுதுங்க. இப்பவே."

அவர் ஒரு விரலால் அடிக்க ஆரம்பித்தார். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள். அனுப்பியானதும் யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "வர்ற வாரம் சரக்கை யாரு கொண்டு போறது?"

"நான்," என்றாள் ஓரகத்தி. "என் சோப்பும் அதே கிடங்குக்குப் போகட்டும். அப்புறம் யாருது விக்குதுன்னு பாக்கலாம்."

"நீ பெட்டி ஏத்தும்போது பக்கத்துலயே நிப்பேன்."

"நில்லேன். நீ ஏத்தும்போது நானும் நிப்பேன்."

"சரி," என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.