மீன் என்று நினைத்தார்கள்

வசந்தத் திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது ராவ்யாவும் அவள் கணவன் ஷுக்ரியும் அலெக்ஸாந்திரியாவில் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். மூன்றாவது மாடி, கடல் பார்த்த பால்கனி. ஏதோ ஒரு திரில்லர் படத்தை அங்கேதான் எடுத்தார்களாம். ஷுக்ரிக்கு அதில் ஏகப் பெருமை. பூட்டைத் திறந்ததுமே ராவ்யாவுக்குக் குமட்டியது.

“என்னமோ அழுகிக் கிடக்குங்க.”

“உனக்கு இது மூணாம் மாசம். ரோஜாவே நாறும்,” என்று சிரித்தான்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று ராவ்யா பயந்தாள். யாராவது ஒருத்தர், ஆமாம் நாறுகிறது என்று சொன்னால் போதும்; மூட்டையைக் கட்டிவிடுவாள்.

திருநாளன்று கட்டடம் முழுக்க ஃபிசீக் பொட்டலங்கள் பிரிந்தன. மடவை மீனை உப்பிப்போக விட்டு, மாதக்கணக்கில் உப்பில் புதைத்து அழுகவைத்த பண்டம். ஷுக்ரி மூன்று மீன் வாங்கி வந்தான். வெங்காயத்தோடும் ரொட்டியோடும் இரண்டைத் தின்று, மணிக்கட்டு வரை வழிந்ததை நக்கினான். இந்த மனிதனுக்கா கழுத்தை நீட்டினோம் என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாவது மீனைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு, பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி, அந்தப் படத்தை டிவியில் போட்டான்.

படம் மோசமில்லை. ஆகா ஓகோ என்றும் சொல்ல முடியாது. தியேட்டருக்குப் போயிருந்தால் கோபம் வந்திருக்கும். வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். கொலைகாரன் யாரென்று பத்தாவது நிமிஷமே ஷுக்ரி சொல்லிவிட்டான்.

திரையில் அவர்கள் கூடமே தெரிந்தது. கொலைகாரன் பிணத்தை இழுத்துப் போகிறான். மூலையில், இதே மேஜையில், கறுப்பு உடை போட்ட ஒரு கிழவி உட்கார்ந்து ஃபிசீக் தின்றுகொண்டிருந்தாள். மோவாயில் பழுப்பாக ஒழுகியது.

“கொலை நடக்குது, கிழவி அதுபாட்டுக்கு மீன் தின்னுது பாரு!”

கிழவி மென்றபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

நேராக ராவ்யாவை.

வாசல்மணி அடித்தது. ஷுக்ரி படத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தான். காவல்காரர் ஹஸனைன், திருநாளுக்குச் சாயம் பூசிய முட்டைகளோடு நின்றார். திரையில் அப்படியே நின்றிருந்த கிழவியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“இன்ஷிராஹ் மேடம்... இந்த வீட்டுக்காரம்மா.”

“நடிச்சாங்களா மாமா?” என்றாள் ராவ்யா.

“எங்க நடிக்கிறது? ரெண்டு வருஷம் முந்தி, இதே திருநாள்ல மீனைத் தின்னு செத்துப்போச்சு. தனிக்கட்ட. நாலு நாள் யாருக்கும் தெரியல. வீட்டுக்கு வீடு நாறுது, அந்த மீனுதான்னு நெனச்சோம். நானே இந்த வாசப்படியில எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவிட்டுப் போனேன், பாவி.” குரல் தாழ்ந்தது. “காலி வீடுன்னுதான் அப்புறம் படம் எடுக்கவே வந்தாங்க.”

முட்டைகளை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“கெழவனுக்குக் கண்ணு மங்கிடுச்சு,” என்று ஷுக்ரி படத்தை மறுபடி ஓட விட்டான்.

மேஜை இருந்தது. நாற்காலி காலி.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் ரொட்டி பிய்க்கும் சத்தம் கேட்டது.

பிறகு, சப்புக்கொட்டும் சத்தம்.

திரும்பினார்கள். மேஜையில் யாருமில்லை. மூன்றாவது மீன் நடுமுள்ளாகக் கிடந்தது. பிழிந்த எலுமிச்சைத் தோல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷுக்ரி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“ராவ்யா... இது மீன் நாத்தமில்ல.”

நாலு நாளாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை. மூட்டை முடிச்சு எதையும் எடுக்காமல், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள். தெருவில், கடல் காற்றில் நின்று மூச்சு வாங்கினாள். அங்கேயும் நாறியது.

குனிந்து பார்த்தாள். அவள் அந்த மீனைத் தொடவே இல்லை.

வயிற்றின் மேல், சட்டைத் துணியில், பழுப்பு எண்ணெயாக ஐந்து மெலிந்த கிழ விரல் பதிந்திருந்தது.